பாத்திரக்கடை என்று சிரித்தவர்களுக்கு

எவர்சில்வர் பாத்திரங்களால் சிற்பம் செய்கிற கலைஞர் சுபோத் குப்தாவின் படைப்பைப் பகிர்ந்ததற்கு நேற்று கமெண்டில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "பாத்திரக்கடையைக் கவிழ்த்துப் போட்டால் கலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அதற்கு அத்தனை சிரிப்பு. சிரித்தவர்களில் நான் மதிக்கிற ஓவியர்களும் உண்டு. அதுதான் தாங்கவில்லை.

அது கவிழ்த்துப் போட்டதில்லை. 2008-இல் செய்த 'லைன் ஆஃப் கன்ட்ரோல்'. உள்ளே எஃகுச் சட்டகம். அதன்மேல் தட்டு, டம்ளர், தூக்கு, குண்டான் எல்லாம் சேர்ந்து அணுகுண்டின் காளான் மேகமாக எழும்பி நிற்கிறது. பெயரோ காஷ்மீர் எல்லைக்கோட்டினுடையது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் உலை வைக்கிற வீடுகள்தானே? குண்டு விழுந்தால் சிதறப்போவது அந்த அடுப்படிகள்தானே? இதைச் சொல்ல வேறு எந்தப் பொருள் பொருத்தம், சொல்லுங்கள்.

2006-இல் பாரிஸில் ஒரு தேவாலயத்தில் அவர் வைத்தது பாத்திரங்களால் ஆன ராட்சத மண்டையோடு. 'வெரி ஹங்ரி காட்', பெரும்பசி கொண்ட கடவுள். முஸ்லிம்கள் வாங்கிக் குடிக்கக் கூடாது என்றே பன்றிக்கறி போட்ட சூப்பை ஏழைகளுக்கு ஊற்றிய கூட்டம் அந்த ஊரில் அப்போது இருந்தது. அந்தச் செய்தியிலிருந்து பிறந்த மண்டையோடு அது. அத்தனை பாத்திரமும் பளபளக்கிறது, அத்தனையும் காலி.

எனக்கு அது அம்மாவின் அலமாரி. பழைய ஜரிகைப் புடவைகளைப் போட்டு, தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் பேரம் பேசி ஒவ்வொன்றாய்ச் சேர்த்தாள். விளிம்பில் பெயர் வெட்டி வைத்தாள். அப்பாவுக்கு வேலை போன வருஷம் பித்தளை அண்டா அடகுக்குப் போனது. எவர்சில்வரை யாரும் அடகு பிடிக்கவில்லை. உலை வைக்க ஒன்றுமில்லாத நாளிலும் அவற்றைத் தேய்த்துத் துடைத்து அடுக்கி வைத்தாள். யாராவது வீட்டுக்குள் வந்தால் கண்ணில் பட வேண்டும் என்று.

"நானும்கூட அடுக்குவேன்" என்கிறீர்கள். அடுக்குங்கள். 2003-இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தில் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ சுமார் 1,550 மர நாற்காலிகளைக் குவித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வைக்கிற குவியல் அது. நீங்கள் அடுக்கும்போது எதைக் கேட்கப் போகிறீர்கள்?

குப்தாவின் படைப்பு கோடிக்கணக்கில் விலை போகிறது என்பதெல்லாம் ஒரு வாதமா? ஓவியம் விலை போகவில்லையா?

"பாத்திரங்களை வெல்டிங் செய்து பற்றவைக்கிற தொழிலாளிகளுக்குப் பெயர் உண்டா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேலை செய்த ஒவ்வொருவர் பெயரையும் பக்கத்துச் சுவரில் எழுதட்டும், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் சிரித்தவர்கள் யாரும் தொழிலாளிக்காகச் சிரிக்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இதே உருவத்தை வெண்கலத்தில் வார்த்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கரி பிடித்தது, பெண்கள் கையில் புழங்குவது, சாம்பல் போட்டுத் தேய்ப்பது, அது எப்படிக் கலையாகும் என்பதுதான் அந்தச் சிரிப்பு. அம்மாவையே பார்த்துச் சிரித்ததாகத்தான் எனக்குப் பட்டது. மிகை என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் அந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நீங்களும்?