ஏஐ வந்த பிறகும் ஸ்பீச் தெரபி படிக்கலாமா?

கல்லூரிக் கலந்தாய்வு நேரம் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விதான். "பொண்ணுக்கு பிஏஎஸ்எல்பி கிடைக்கும் போல இருக்கு மேடம், சேர்க்கலாமா? இன்னும் பத்து வருஷத்துல இதையெல்லாம் ஏஐயே பண்ணிடும்ங்கிறாங்களே?" பிஏஎஸ்எல்பி என்பது பேச்சு, கேட்கும் திறன் சிக்கல்களுக்குச் சிகிச்சை தரப் படிக்கும் பட்டப்படிப்பு. நான்கு வருடம், அதில் கடைசி வருடம் இன்டர்ன்ஷிப். பணம் கட்டப்போகிற பெற்றோருக்கு இந்தப் பயம் நியாயமானதுதான். போனில் அவசரமாகச் சொல்வதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சேருங்கள் என்பதுதான் என் பதில்.

2013-ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இருவர் 702 வேலைகளை எடுத்துக்கொண்டு, எதெல்லாம் கணினியிடம் போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். ஆடியாலஜி (காது கேட்கும் திறனைப் பார்க்கும் துறை), ஸ்பீச் தெரபி இரண்டுமே ஆபத்து மிகக் குறைந்த பக்கத்தில் இருந்தன. எங்கள் துறையில் பலர் இன்றும் அதைக் காட்டித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. அன்றைக்குச் சாட்ஜிபிடி கிடையாது, போனில் தமிழில் பேசினால் இவ்வளவு சரளமாக எழுதித் தரும் மென்பொருளும் கிடையாது. பழைய கணக்கை விடுங்கள். தெரபி அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நான்கரை வயதுப் பையன். 'க' வராது, அந்த இடத்தில் 'த' வரும். காக்கா படத்தைக் காட்டினால் 'தாத்தா' என்பான். அதே குரலை போனிடம் கொடுத்துப் பாருங்கள், அழகாகத் 'தாத்தா' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். இன்னொரு குழந்தை 'பயம் வேணும்' என்கிறது. முன்பின் சொற்களை வைத்து மென்பொருள் அதைப் 'பழம் வேணும்' என்று தானே திருத்திக்கொள்ளவும் கூடும். ஒருவர் என்ன சொல்ல வந்தார் என்று ஊகிக்கத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். வாயிலிருந்து வந்த ஒலியை அப்படியே பிடிப்பதில்தான் எங்கள் வேலையே தொடங்குகிறது.

பிடித்தால் மட்டும் போதுமா? 'பயம்' என்கிற குழந்தையின் வீடு வடசென்னையில் இருந்து, பாட்டியும் 'வாயப்பயம்' என்றே சொன்னால், அது குறைபாடு கிடையாது, வீட்டுப் பேச்சு. மதுரைப் பக்கம் 'பளம்' என்கிற குழந்தைக்கும் தெரபி தேவையில்லை. அதே வீட்டில் அக்கா, அண்ணன் எல்லோரும் 'ழ' தெளிவாகச் சொல்லி, இவள் மட்டும் ஏழெட்டு வயதிலும் தடுமாறினால் அது வேறு கதை. வீட்டில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காதால் வாங்கிக்கொள்வோம். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அப்புறம் கை வேலை. அந்தப் பையனின் நாக்கு நுனியை டங் டிப்ரஸரால், அதாவது டாக்டர்கள் நாக்கை அழுத்தும் தட்டைக் குச்சியால், மெதுவாகக் கீழே அழுத்திக்கொண்டு 'தா' சொல்லச் சொல்வேன். நுனி எழ முடியாது, நாக்கின் பின்பகுதி எழும், 'கா' வந்துவிடும். முதல் தடவை அது வரும்போது பையனே திடுக்கிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். எவ்வளவு அழுத்த வேண்டும், குமட்டல் வருமுன் எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் வரும் சிக்கலைப் பார்ப்பதும் நாங்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டை மேல் விரல் வைத்து, குரல்வளை நேரத்துக்கு எழுகிறதா என்று பார்ப்போம். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்வோம். குரல் களகளவென்று ஈரமாக வந்தால் உஷாராகிவிடுவோம். சிலருக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல்கூட வராது. சாதம் கொடுக்கலாமா, கஞ்சியோடு நிறுத்தலாமா, டியூப் போட வேண்டுமா என்று முடிவெடுப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இதற்காக ஏஐயை ஒதுக்கிவிடுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டுப் பயிற்சித் தாள் தயாரிக்க, ஒரு குழந்தைக்குப் பிடித்த டிராக்டரை வைத்தே 'ட' ஒலிக்குக் கதை எழுத, நான் தினமும் பயன்படுத்துகிறேன். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி, படத்தைத் தொட்டால் பேசும். பேச்சு வராத எத்தனையோ ஆட்டிசக் குழந்தைகளுக்கு அது குரலாக இருக்கிறது. டேப்லட்டைக் கொடுத்தால் பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டானோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். இத்தகைய கருவிகள் பேச்சைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. எந்தப் படத்தை முதலில் வைப்பது, எப்போது அடுத்ததைச் சேர்ப்பது என்று பார்ப்பதற்கு அங்கேயும் ஆள் தேவை. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2023-ல் 2 கோடி டாலர் அரசு நிதியில் ஒரு ஏஐ மையம் தொடங்கினார்கள். பேச்சு, மொழிச் சிக்கல் உள்ள குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டுபிடிப்பதும், தெரபிஸ்டுக்குத் துணை நிற்பதும் அதன் வேலை. பள்ளிகளில் தெரபிஸ்டுகள் போதவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதற்கு நம் குழந்தைகளின் பேச்சை, ஊர்வாரியாக, பெற்றோரின் சம்மதத்தோடு பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையில் தெரபிஸ்டுகள் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

நான் பயப்படுவது நிர்வாகங்களைப் பார்த்துத்தான். குழந்தை முன்னால் ஒரு டேப்லட், பக்கத்தில் பயிற்சியில்லாத உதவியாளர், கடைசியில் தெரபிஸ்டின் கையெழுத்து, கட்டணம் மட்டும் அதே கட்டணம். இந்த யோசனை ஏற்கெனவே சில இடங்களில் பேசப்படுகிறது. அட்டையைக் காட்டிப் பெயர் கேட்பதோடு நிற்கும் தெரபிஸ்டுகளின் வேலை இப்படித்தான் முதலில் போகும்.

அதைவிடக் கவலை அரசு மருத்துவமனைக்கு வரும் அம்மாக்களைப் பற்றி. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவரிடம்தான் "ஆப் இருக்கே, வீட்டிலேயே பண்ணிக்கோங்க" என்று முதலில் சொல்வார்கள். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி, இலவசமாக வைக்கிறார்கள். பெரிய விஷயம் அது. ஆனால் கருவியை ஆன் செய்த பிறகுதான் உண்மையான வேலை. நாங்கள் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லி, எது குழந்தைக்குக் கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் சோதிப்போம். கேட்கப் பழகவே மாதங்கள் ஆகும், பேச்சு அதற்குப் பிறகு. அங்கே தெரபிஸ்ட் பணியிடத்தைக் காலியாக விட்டு ஆப்பை நீட்டினால், லட்சக்கணக்கில் செலவழித்து வைத்த கருவி பாதிப் பயன்கூடத் தராது. இதைத் தெரபிஸ்டுகளாகிய நாம் சங்கமாகச் சேர்ந்து இப்போதே அரசிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

சரி, சேரப்போகும் பிள்ளைகளுக்கு. கல்லூரிக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சீனியர்களிடம் கேளுங்கள்: இரண்டாம் வருடத்திலேயே நோயாளிகளைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா, விழுங்கல் சிக்கல் உள்ளவர்களைப் பார்க்க வார்டுக்கு அனுப்புகிறார்களா, தமிழ்க் குழந்தைகளின் பேச்சைக் காதால் கேட்டு ஒலிக்குறியில் எழுதப் பழக்குகிறார்களா? மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் தயங்காமல் பணம் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கமெண்டில் கேளுங்கள், இரவு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.