அத்தை வீட்டு இராப்போஜனப் படமும் நான் போட்ட கையெழுத்தும்

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன், "மாமா, நிசேயாவில் ஓட்டெடுப்பு நடத்தித்தான் இயேசுவைக் கடவுளாக்கினார்களாமே, உண்மையா?" என்று கேட்டான். அன்று திருவிருந்து ஞாயிறு. சற்று முன்புதான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நான்காம் நூற்றாண்டில் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள் மாநாட்டின் பெயரால் வழங்கும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லியிருந்தோம். எங்கே படித்தாய் என்றேன். படிக்கவில்லை, 'த டாவின்சி கோட்' படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன் என்றான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த படம் அது.

அந்த ஆண்டு நானும் இந்தப் படத்துக்கு எதிராக ஒரு மனுவில் கையெழுத்திட்டவன் என்பதை அவனிடம் சொல்லச் சிறிது நேரம் பிடித்தது.

2006 மே மாதம் படம் வெளிவந்தது. இது முழுக்கக் கற்பனை என்ற அறிவிப்பைச் சேர்க்கச் சொல்லி, 'ஏ' சான்றிதழ் கொடுத்து, தணிக்கை வாரியம் அனுமதித்திருந்தது. ஆயினும் ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு திரையிடலை இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. இங்கே ஓடாத படத்தைச் சித்தூருக்குப் போய்ப் பார்ப்பது வேலூர்க்காரர்களுக்குப் புதிதன்று. ஆனால் ஆந்திர அரசும் அதே நேரத்தில் தடை விதித்திருந்ததால் அந்த வழியும் அடைபட்டது. எங்கள் சபையில் ஆராதனைக்குப் பின் ஒரு மனுத்தாள் சுற்றி வந்தது. முன்னால் இருந்தவர் பேனாவை நீட்டினார், நான் கையெழுத்திட்டேன். அதுவரை படத்தைப் பார்த்ததில்லை, அதற்கு மூலமான நாவலைக் கையால் தொட்டதும் இல்லை.

அதே வாரம், லாங் பஜார் பக்கம் நடைபாதையில் நாற்பது ரூபாய்க்குத் திருட்டு விசிடி கிடைத்தது. தடை இருந்திராவிட்டால் நான் அதை வாங்கியிருக்கவே மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாகாயத்தில் ஓய்வுபெற்ற செவிலியரான என் அத்தையின் வீட்டில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஏதோ குற்றம் செய்பவர்களைப் போல ஆறு பேர் உட்கார்ந்து பார்த்தோம். எந்த ஊர்த் திரையரங்கிலோ கேமராவை மறைத்துவைத்து எடுத்த பிரதி. நடு நடுவே யாரோ எழுந்து போகும் நிழல் திரையைக் கடந்தது.

லியொனார்டோ டாவின்சியின் இராப்போஜன ஓவியத்தில் இயேசுவின் வலப்பக்கம் அமர்ந்திருப்பது சீடன் யோவான் இல்லை, அவருடைய மனைவியும் அவர் வாரிசைப் பெற்றவளுமான மகதலேனா மரியாள் என்று படத்தில் வரும் கிழ ஆராய்ச்சியாளர் விளக்கத் தொடங்கியதும், அத்தை "நிறுத்துடா" என்றார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு மேலே முப்பது ஆண்டுகளாக மாட்டியிருந்த இராப்போஜனப் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு ஏறி, கண்ணாடியில் படிந்திருந்த புகைத்தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, "யோவான்தான். சின்னப் பையன், இன்னும் மீசை முளைக்கல. நீ படத்தைப் போடு" என்றார்.

அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு இணையானது இல்லை. பன்னிரு சீடர்களில் இளையவரான யோவானைத் தாடி மீசையற்ற இளைஞனாகத் தீட்டுவது அக்கால இத்தாலிய ஓவியர்களின் வழக்கம் என்பதை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேன்ஸ் விழாவில் பத்திரிகையாளர்களுக்குத் திரையிட்டபோது, கதாநாயகிதான் இயேசுவின் கடைசி வாரிசு என்று சொல்லப்படும் இடத்தில் அரங்கில் சிரிப்பு எழுந்ததாம். எங்கள் அத்தை வீட்டில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பாதிப் பேர் அதற்குள் தூங்கியிருந்தார்கள். திகில் படம் என்ற அளவில் அதன் உண்மையான குறை அதுதான்.

ஆனால் அத்தைக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. மகதலேனா மரியாளை வேசி என்று வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்று அன்றிரவே தேடினார். எங்கும் இல்லை. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லப்படாத பாவியான ஒரு பெண் வருகிறாள். அடுத்த அதிகாரத்தில், ஏழு பிசாசுகள் நீங்கப்பெற்றவளாக மகதலேனா மரியாள் வருகிறாள். 591இல் போப் முதலாம் கிரிகோரி ஒரு பிரசங்கத்தில் இருவரையும் ஒருவராக்கிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கலப்பை 1969இல்தான் தன் வழிபாட்டு நாட்காட்டியிலிருந்து நீக்கியது. 2016இல் அவளுடைய நினைவுநாளை அப்போஸ்தலர்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியது. உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டவள் அவள் என்று யோவான் 20 சொல்கிறது. எங்கள் ஈஸ்டர் நாடகங்களிலோ இன்றும் தலைவிரி கோலமாக அழும் பாவியாகத்தான் அவளை நிறுத்துகிறோம். அந்தப் பெண்ணுக்குத் திருச்சபை அநீதி செய்தது என்று படம் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மனுவில் கையெழுத்திட்ட எங்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை.

மற்ற பாதி வெறும் சரடு. 1099இல் தொடங்கியதாக நாவலின் முதல் பக்கத்தில் 'உண்மை' என்ற தலைப்பின் கீழ் அச்சிடப்பட்டிருக்கும் சியோன் மடம், அதாவது கதையில் அந்த வாரிசு இரகசியத்தைக் காத்துவரும் இரகசியச் சங்கம், 1956இல் பிரான்சில் ஒருவர் பதிவுசெய்த சங்கம். பழைய ஆவணங்கள் என்று காட்டப்பட்டவை பின்னால் புனைந்து பாரிஸ் தேசிய நூலகத்தில் வைக்கப்பட்டவை. என் கோபம் முழுவதும் அந்த ஒரு பக்கத்தின் மேல்தான். கதை சொல்கிறவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கதைக்கு முன்னால் சத்தியம் செய்யக் கூடாது. இதை எடுத்துக்காட்டி நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றை அன்று வாசலில் நின்று விநியோகித்திருந்தால், இருபது ஆண்டுகள் கழித்து என் மருமகன் என்னிடம் இப்படி வந்து நின்றிருக்க மாட்டான். நாங்களோ பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தடை கேட்டோம். தடை வந்ததும், படத்தில் ஏதோ மறைக்க வேண்டிய உண்மை இருக்கிறது என்று நம்பியவர்களை நானே பார்த்தேன்.

ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்துசெய்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்கு அஞ்சி, சான்று பெற்ற படத்தை அரசு நிறுத்த முடியாது என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லியிருந்ததால், அதில் வியப்பில்லை. 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை 144 தடை உத்தரவு போட்டு நிறுத்தியபோது, ஆர்.என்.பாளையத்து நண்பர் ஒருவர் அந்தத் தடையை ஆதரித்து என்னிடம் வாதிட்டார். படம் பார்த்தீர்களா பாய் என்று கேட்க வாய் வந்தது. என் கையெழுத்து நினைவுக்கு வந்ததால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மருமகனுக்கு என்னால் இயன்ற பதிலைச் சொன்னேன். 325இல் நிசேயாவில் கூடிய ஏறத்தாழ 300 ஆயர்களில், கடைசிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் இருவர்தான். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, ரோம ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கூட்டத்தார் விடியற்காலையில் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறான். மருமகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் அந்த மனுவில் எழுதினீர்களா மாமா?" என்றான்.

மனு ஒரே ஒரு பத்திதான். எங்கள் மனம் புண்படுகிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.