ரெசினுக்கு அடியில் போகும் எழுத்து

ஆஸ்திரேலிய அலைச்சறுக்குப் பலகைகளின் லோகோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வடிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். எந்த எழுத்துரு, என்ன நிறம், அலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதுதான் பேச்சு. அந்த லோகோ பலகையின் உடம்புக்குள் கிடக்கிறது, அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பலகைக்கு ஃபைபர் கிளாஸ் துணியும் ரெசின் என்ற இறுகும் பிசினும் போர்த்தும் கிளாசிங் அறைக்குள் நடப்பது தெரியாமல் கணினியில் வரைந்த எழுத்து, திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், பலகையில் தோற்றுப்போகும்.

வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். பலகைக்கு வடிவம் கொடுக்கும் ஷேப்பர் பாலியூரித்தேன் நுரைக்கட்டியைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து முடித்தபின் பலகை கிளாசிங் அறைக்கு வரும். லோகோவை ரைஸ் பேப்பர் என்று எல்லோரும் சொல்லும் மெல்லிய தாளில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் முன்பே அச்சிட்டு வைத்திருப்பார்கள். (பெயரில்தான் அரிசி, தாள் செடிநாரில் செய்தது.) இன்று இங்க்ஜெட் பிரிண்டரிலும் அச்சிடுகிறார்கள், தாள் மெல்லியது என்பதால் சாதாரண ஏ4 தாளின் மேல் ஒட்டித்தான் பிரிண்டருக்குள் விட முடியும். ரெசினில் நன்றாக ஊறியதும் தாள் கண்ணாடிபோல் ஆகிவிடும், மை மட்டும் நிற்கும். இந்த ஒரு குணத்தின் மேல்தான் இந்தத் தொழிலின் எழுத்துக்கலை முழுவதும் நிற்கிறது.

தாளை எழுத்தைச் சுற்றி 5 மி.மீ. விட்டு வெட்டினால் போதும். கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டினால் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிய வாய்ப்புண்டு. ஓரத்தைக் கையால் கிழித்தால் நார்கள் பிரிந்து ரெசினோடு கலந்துவிடும். லோகோ உட்காரவேண்டிய இடத்தை முன்பே பென்சிலால் குறித்துவிட வேண்டும். நுரையின் மேல் முதலில் கொஞ்சம் ரெசின், அதன்மேல் தாள், பிறகு ஸ்க்வீஜி என்ற ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் துணி. முதல் ரெசினை விட்டுவிட்டால் உலர்ந்த நுரை மேலேயிருந்து வரும் ரெசினைக் குடித்துவிடும், தாள் பட்டினி கிடக்கும், எழுத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள் நிற்கும். இறுகிய பிறகு அதற்கு மருந்து கிடையாது. வினையூக்கி கலந்த பாலியெஸ்டர் ரெசின் 10, 15 நிமிடத்தில் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும் என்பதால் லோகோ கோணலாக விழுந்தது என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

தாள் சுருங்கி மடிப்பு விழுந்தால் அது இன்னும் மோசம். அந்த மடிப்பு துணியை மேலே தூக்கும். ஹாட் கோட் என்ற மேல் ரெசின் பூச்சு பூசிய பின் தேய்க்கும்போது மெஷின் முதலில் வெட்டுவது அந்த மேட்டைத்தான். துணியின் நூல் வெளியே தெரியும், பிறகு அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். அடிப்பக்கத்தில் பெரும்பாலும் 4 அவுன்ஸ் துணி ஒரே அடுக்குதான் இருக்கும், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிராம். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஓரம் நோக்கி இரண்டு பக்கமும் வளையும் இடத்தில் பெரிய லோகோ வைக்காதீர்கள் என்று கிளாசர்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

வெயிலில் இறுகும் யூவி ரெசின் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தடித்த கறுப்பு எழுத்து ஒளியை மறைத்துவிடும். அதன் அடியில் ரெசின் இறுகாமல் பிசுபிசுவென்று கிடக்கும். மேலே பார்த்தால் பலகை தயார், சில மாதத்தில் லோகோவின் வடிவத்திலேயே துணி நுரையை விட்டுக் கிளம்பும். கொஞ்சம் வினையூக்கியையும் சேர்ப்பது ஒரு வழி. கறுப்பைப் பெரிய பரப்பாக நிரப்பாமல் கோட்டெழுத்தாக வரைவது அதைவிட நல்ல வழி. கறுப்புப் பரப்புக்கு வெயிலும் பகை. குவீன்ஸ்லாந்து கோடையில் காருக்குள் விட்டுப்போன பலகையில் கொப்புளம் கறுத்த இடத்தில்தான் முதலில் எழும்பும்.

மையையும் நம்பக்கூடாது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் நல்ல கரைப்பான், சில மைகளைக் கரைத்து இழுத்துவிடும். புது மை, புது பிரிண்டர் என்றால் வெட்டி எறிந்த நுரைத் துண்டில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் விற்பனைப் பலகையில் கை வைப்பது அநியாயம். நிறம் பூசிய நுரையானால் எழுத்துக்கு அடியில் வெள்ளை மை ஓர் அடுக்கு அச்சிட வேண்டும். இல்லையென்றால் நீல நுரையில் மஞ்சள் எழுத்து பச்சையாகிவிடும்.

பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் மெல்லிய மரச்சட்டம், ஸ்டிரிங்கர், 3 முதல் 5 மி.மீ. அகலம் இருக்கும். நடுவில் வைத்த பெயரில் நடு எழுத்து ஆங்கில ‘I’ ஆகவோ ‘T’ ஆகவோ இருந்தால் அதன் தண்டு மரத்தின் மேல் விழுந்து காணாமல் போகும். ‘O’ என்றால் தப்பித்தது, மரம் அதன் வயிற்றுக்குள் ஓடும். இதையெல்லாம் எந்த எழுத்துருப் பட்டியலும் சொல்லித் தராது.

பழைய ஆஸ்திரேலியச் சின்னங்கள் நிலைத்ததற்கு இதில்தான் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1960களில் சிட்னியின் புரூக்வேலில் கார்டன் வுட்ஸ், பேரி பென்னெட், பில் வாலஸ், டென்னி கியோ, ஸ்காட் டில்லன், கிரெக் மெக்டோனா ஆகிய ஆறு பேரின் பட்டறைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. செய்தவர் பெயரே பலகையின் பெயர், லோகோ போடும் கையும் அதே பட்டறையின் கை. ரிப் கர்ல் என்ற அலைச்சறுக்கு நிறுவனம் பிறந்ததே பலகையில் எழுதிய எழுத்தாகத்தான்: 1968-ல் டக் வார்பிரிக் தன் பலகையில் எழுதிய சொற்களில் இரண்டை எடுத்துத்தான் அவரும் பிரையன் சிங்கரும் அடுத்த ஆண்டு விக்டோரியாவின் டார்க்கியில் தொழில் தொடங்கினார்கள்.

நியூகாசிலின் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டம் வென்றபோது அவர் பலகையில் இருந்த எம்.ஆர். சின்னத்தைப் பாருங்கள். சூப்பர்மேன் மார்பிலிருக்கும் கேடயத்தை ஒத்த வடிவம், உள்ளே இரண்டே எழுத்து. தடித்த வெளிக்கோடு மூடிய வடிவமாக இருப்பதால் ஸ்டிரிங்கரால் அதை உடைக்க முடியாது. நுரைதள்ளும் அலைக்கு நடுவே, கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு ஒரு நொடி பட்டாலும் போதும். இந்த நாட்டுப் பலகைச் சின்னங்களில் என்னளவில் இதுதான் முதலிடம். டெர்ரி ஃபிட்ஸ்ஜெரால்டின் ஹாட் பட்டர்ட் பலகைகள் வேறு வழியில் போயின. மார்ட்டின் வொர்திங்டன் ஏர்பிரஷ்ஷால் முழுப் பலகையையும் ஓவியமாக்கினார். ஏர்பிரஷ் நிறம் கிளாசிங்குக்கு முன்பு நேரடியாக நுரையில் விழுகிறது. மெல்லியதாக அடித்து நன்றாக உலரவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் ரெசினுக்கு நுரையைப் பிடிக்க இடமிருக்காது, அழகான ஓவியம் துணியோடு சேர்ந்து உரிந்து வரும்.

இப்போது பலகையின் மூக்கு ஸ்பான்சருக்குப் போய்விட்டது. காரணம் எளிது. சறுக்கும்போது நடுவிலும் வாலிலும் கால், மெழுகு, பிடிமானப் பட்டை. அடிப்பக்க வாலில் துடுப்பு போன்ற மூன்று ஃபின்கள். புகைப்படத்தில் சுத்தமாகத் தெரிவது முன்பகுதிதான். அங்கே வினைல் ஸ்டிக்கர், ரெசினுக்கு மேலே. உரித்தால் போய்விடும். ஷேப்பரின் சின்னம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கூடவே மயிரிழைக் கோட்டில் வரைந்த எழுத்து ஒரு மோகமாகிவிட்டது: 1 மி.மீ.க்கும் மெல்லிய கோடு, வெளிர் சாம்பல் நிறம். ஓரிரு கோடையில் ரெசின் மஞ்சளடித்ததும் அது இருந்த இடமே தெரியாது. கோடு குறைந்தது 2 மி.மீ. இருக்கட்டும், ஆங்கில ‘a’, ‘e’ போன்ற எழுத்துகளின் வயிறு நன்றாகத் திறந்திருக்கட்டும். மெல்லிய தாளில் மை பரவும், சின்ன வயிறு அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. தாய்லாந்திலும் சீனாவிலும் செய்யப்படும் பலகைகளில் ஆஸ்திரேலியக் கடற்கரைப் பெயர்கள் பளபளவென்று மின்னுகின்றன. அங்கே வேலை செய்யும் கைகளின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை, பல பலகைகள் அருமையானவை. ஆனால் அந்தக் கைகளின் தடயம் எழுத்தில் எங்கும் இல்லாமல் போவது சரியில்லை.

அடிப்பக்கத்தில் ஸ்டிரிங்கரை ஒட்டிப் பென்சிலில் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் தேடுவேன்: நீளம் 6 அடி 1 அங்குலம், அகலம் 18 7/8 அங்குலம், தடிமன் 2 3/8 அங்குலம், சில பலகைகளில் கொள்ளளவு லிட்டரில், பிறகு ஷேப்பரின் கையெழுத்து. கிராஃபைட் ரெசினில் கரையாது, வெயிலில் வெளுக்காது, நுரையின் மேல் மேடும் போடாது. மெஷினில் சீவிய பலகையானாலும் கடைசியில் தேய்த்து முடித்தவர் தன் பெயரின் முதலெழுத்தையும் ஊரையும் அங்கே எழுதலாம். கிளாசரின் முதலெழுத்துக்கும் பக்கத்தில் இடமிருக்கிறது. எழுதிய பிறகு விரலால் தேய்த்துவிடாமல், பென்சில் தூளை ஊதித் தள்ளிவிட்டுத் துணியைப் போர்த்துங்கள்.