‘தி எல் வேர்ட்’: காபி மேசையை விட்டு எழுந்தபோதெல்லாம் கதை சரிந்தது

‘தி எல் வேர்ட்’ தொடரை இப்போது பார்க்கத் தொடங்கலாமா என்று யாராவது கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்தான் வரும். ஒன்று, “அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.” இன்னொன்று, “இப்போது பார்த்தால் சகிக்காது.” இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மொத்தம் 70 எபிசோடு, ஆறு சீசன். எதைப் பார்ப்பது, எதை ஓட்டிவிடுவது, எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று சொன்னால்தான் பிரயோஜனம்.

தெரியாதவர்களுக்கு அடிப்படை விவரம். அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 2004 ஜனவரி முதல் 2009 மார்ச் வரை வந்தது. உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஐலீன் சேக்கன். கதை நடப்பது லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள வெஸ்ட் ஹாலிவுட். படப்பிடிப்பில் பெரும்பகுதி நடந்தது கனடாவின் வான்கூவரில். ஷோடைம் சந்தா கட்டிப் பார்க்கும் சேனல், இடையில் விளம்பரம் கிடையாது. அதனால்தான் இந்தத் தொடர் பிழைத்தது. 1997இல் ஏபிசி சேனலின் ‘எல்லன்’ தொடரில் நடிகை எல்லன் டிஜெனரஸின் கதாபாத்திரம் தன்னை லெஸ்பியன் என்று சொன்னபோது விளம்பரதாரர்கள் சிலர் விலகிக்கொண்டார்கள். மறுவருடமே அந்தத் தொடர் முடிந்தது. பயந்து ஓட விளம்பரதாரரே இல்லாத இடத்தில்தான் பத்துப் பெண்களை மையமாக வைத்து மணிக்கணக்கில் கதை சொல்ல முடிந்தது.

என் கட்சி இதுதான்: இதைக் காதல் தொடர் என்று விற்றார்கள், ஆனால் இதன் உயிர் சிநேகிதிகள்தான். ‘தி பிளானட்’ என்ற காபிக் கடையில் ஒரு மேசை. பெட், டீனா, ஷேன், ஆலிஸ், டேனா, பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும் ஜென்னி. முந்தைய இரவு யார் யாரோடு போனார்கள் என்பது அந்த மேசையில் அலசப்படும்போதுதான் கதையாகிறது.

இந்த உத்தி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். பைலட்டை, அதாவது முதல் எபிசோடை, இயக்கிய ரோஸ் ட்ரோஷேவும், எழுத்துக் குழுவில் இருந்த கினிவிர் டர்னரும் சேர்ந்து 1994இல் ‘கோ ஃபிஷ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை மிகக் குறைந்த செலவில் எடுத்தவர்கள். அதில் சிநேகிதிகள் தலைகளை ஒன்றுசேர்த்துப் படுத்துக்கொண்டு, இன்னொருத்தியின் காதல் தேறுமா தேறாதா என்று அலசுவார்கள். அந்தத் தலைகளை நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்தால் பிளானட் மேசை. டர்னரை முதல் சீசனில் திரையிலும் பார்க்கலாம்: ஆலிஸைப் பாடாய்ப் படுத்தும் பழைய காதலி கேபி அவர்தான்.

முதல் சீசனை முழுசாகப் பாருங்கள். டென்னிஸ் வீராங்கனை டேனாவுக்குத் தன் கிளப்பில் வேலை செய்யும் லாரா என்ற சமையல்காரப் பெண்மேல் ஆசை. லாரா லெஸ்பியனா இல்லையா என்று டேனாவுக்குத் தெரியவில்லை. மொத்தக் கும்பலும் கிளப்புக்குக் கிளம்பிப் போய், லாராவின் ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. இதில் கட்டிப்பிடித்தல் இல்லை, முத்தம் இல்லை. தொடரின் ஆகச்சிறந்த காட்சிகளில் ஒன்று. வெளியே தெரிந்தால் ஸ்பான்சர் போய்விடுவார்களோ என்று நடுங்கும் டேனாவுக்கு சுபாரு கார் விளம்பரம் கிடைப்பதும் சும்மா எழுதியது இல்லை. தொண்ணூறுகளிலேயே லெஸ்பியன் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்த கம்பெனி அது. டென்னிஸின் மார்ட்டினா நவ்ரத்திலோவாவையே நடிக்க வைத்தது.

சேர்ந்து வாழும் ஜோடியான பெட்டும் டீனாவும் குழந்தைக்கு முயலும் பகுதியைச் சிலர் ‘இழுவை’ என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தானமாகக் கிடைக்கும் விந்தணு விஷயத்தில் எல்லாமே நேரக் கணக்குதான். சிறுநீர்ச் சோதனையில், கருமுட்டையை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் ஏறியது தெரிந்தால், அடுத்த ஒன்று ஒன்றரை நாளில் கருமுட்டை வெளிவரும். உறையவைத்து உருக்கிய விந்தணு ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும்; புதியது என்றால் ஐந்து நாள் வரைகூட இருக்கும். ஆகவே தெரிந்த ஆளிடம் நேரடியாகக் கேட்பதா, வங்கியில் வாங்குவதா என்பது செலவுக் கணக்கு மட்டுமில்லை, உடலின் கணக்கும்கூட. தொடர் இந்த அலைச்சலைக் காட்டுகிறது. அதோடு, பெட் ஏற்பாடு செய்த தானக்காரர் கறுப்பர் என்று நேரில் பார்த்ததும் டீனா தடுமாறுகிறாள். பெட்டின் அப்பா கறுப்பர், அம்மா வெள்ளையர். தன்னைப் போல ஒரு குழந்தை என்பதில் உனக்கு என்ன தயக்கம் என்ற பேச்சு அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெட் பாத்திரம் கலப்பினப் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே அதில் நடித்த ஜெனிஃபர் பீல்ஸ்தான். அதனால்தான் கறுப்பின நடிகை பாம் கிரியர், பெட்டின் அக்கா கிட்டாக உள்ளே வந்தார்.

ஆலிஸின் ‘சார்ட்’ பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பலகையில் பெயர்கள், யார் யாரோடு படுத்தார்களோ அவர்களுக்கு இடையே கோடு. ஷேனின் பெயரிலிருந்து கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடும். இது வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை. சின்ன சமூகம், முன்னாள் காதலியின் இந்நாள் காதலி உன் உயிர்த்தோழியாக இருப்பாள், அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு போக வேறு ஊரே இல்லாதவர்கள் எப்படிச் சேர்ந்து இருக்கிறார்கள் என்ற கேள்வி முழுக்க அந்தப் பலகையில் இருக்கிறது. எழுத்தாளர்களுக்கு வேறு கதை இயந்திரமே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் சீசனும் நல்லது, சொல்லப்போனால் முதலாவதைவிட இறுக்கம். ஷேனும் ஜென்னியும் வாடகைப் பங்குக்குச் சேர்த்துக்கொள்ளும் மார்க், அவர்களுக்குத் தெரியாமல் வீடெங்கும் கேமரா வைக்கிறான். இந்தத் தொடரை எதற்காகப் பார்க்கிறார்கள் என்று ஆண் பார்வையாளர்களில் ஒரு பகுதியைப் பற்றித் தயாரிப்பாளர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர்களைத் தூக்கிக் கதைக்குள் போட்டு அடித்தார்கள். பல பேர் இந்தப் பகுதியை வெறுக்கிறார்கள். எனக்குத் துணிச்சலாகப் படுகிறது. பெட்டின் அப்பா மெல்வின் சாகும் எபிசோடுகளைத் தவறவிடாதீர்கள். நடித்தவர் ஆஸி டேவிஸ். மகளின் துணையைக் கடைசிவரை துணை என்று ஒப்புக்கொள்ளாத அந்தக் கிழவரை அவர் வில்லனாக்காமல் நடித்தார். 2005 பிப்ரவரியில் அவர் காலமானார். அந்த எபிசோடுகள் ஒளிபரப்பானது அதற்குப் பிறகு.

சரிவு மூன்றாம் சீசனில், 2006இல். மேசையிலிருந்து டேனாவை எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய், அறுவை, கீமோ, பத்தாவது எபிசோடில் மரணம். நோயைக் காட்டியதில் தப்பில்லை. மார்பு நீக்கிய பிறகு கண்ணாடி முன் நிற்கத் தயங்கும் பெண்ணை அன்றைய டிவியில் யார் காட்டினார்கள்? கெட்டது வேகத்தில். ஒரு நோயாளி மாதக்கணக்கில் கடக்கிற கட்டங்களை ஒரே சீசனுக்குள் திணித்து, மற்ற கதைகளின் கேலிக்கூத்துக்கு நடுவே அவளைச் சாகடித்தார்கள். தன்பாலீர்ப்புப் பெண் பாத்திரம் என்றால் கடைசியில் செத்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் டிவிக்கு ஏற்கெனவே இருந்தது. 2002இல் ‘பஃபி’ தொடரில் டாரா என்ற லெஸ்பியன் பாத்திரத்தைக் கொன்ற காயம் ஆறவில்லை. நம்முடைய வீடு என்று பார்வையாளர் நம்பிய தொடரே அதைச் செய்ததுதான் அடி. குழுவின் நகைச்சுவையும் டேனாவோடு போனது. ஆலிஸுக்கு எதிர்ப்பாட்டுப் பாட அப்புறம் ஆளே இல்லை.

அதே சீசனில் ஜென்னி இலினாயிலிருந்து கூட்டி வரும் மாய்ரா, திருநம்பி மேக்ஸாக வாழத் தொடங்குகிறான். 2006இல் அமெரிக்கத் தொடர் ஒன்றில் திருநம்பி நிரந்தரப் பாத்திரம் என்பது எவ்வளவு அரிது! கிடைத்த வாய்ப்பை எப்படி வீணடித்தார்கள் என்று பாருங்கள். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கள்ளத்தனமாக டெஸ்டோஸ்டிரோன், உடனே அடிதடி, உறுமல். அளவு தெரியாமல் ஊசி போட்டால் மனநிலை ஆடும் என்பது உண்மை. முறையாக இரத்தப் பரிசோதனையோடு எடுப்பவர்கள் ஓநாயாக மாறுவதில்லை. தொடர் முதலாவதை மட்டும் காட்டி, இரண்டாவதுக்கு இடமே கொடுக்கவில்லை.

ஆறாம் சீசனில் மேக்ஸ் கருவுறுகிறான். “இதெல்லாம் நடக்குமா?” என்று கேட்பவர்களுக்கு: நடக்கும். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. மாதவிடாய் நின்றிருந்தாலும் கருமுட்டை வெளிவரலாம். அதனால்தான் தேவைப்படுபவர்களுக்குத் தனியாகக் கருத்தடை பரிந்துரைக்கிறார்கள். ஆகவே கதையில் மருத்துவப் பிழை இல்லை, மனிதப் பிழை இருக்கிறது. சிநேகிதிகள் அவனுக்கு வளைகாப்பு போல ஒரு விழா எடுக்கிறார்கள், அவன் நொந்து உட்கார்ந்திருக்கிறான், கேமரா அதைச் சிரிப்பாக்குகிறது. ஒருவனை உட்கார வைக்கத் தெரியாத மேசை.

இருபாலீர்ப்பு விஷயத்திலும் இதே கதைதான். முதல் சீசனில் ஆலிஸ் தன்னை இருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவள். டீனா ஓர் ஆணோடு பழகத் தொடங்கும்போது கேலி செய்பவர்களில் அவளும் ஒருத்தி. பாத்திரம் மாறவில்லை, எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள்.

நடிகர் தேர்விலும் ஓட்டை உண்டு. மெக்சிகோ வம்சாவளி கார்மெனாக ஈரானிய வேர் கொண்ட சாரா ஷாஹி, லத்தீனப் பெண் பாப்பியாக இந்திய வேர் கொண்ட ஜனினா கவன்கர். நிறம் பொருந்தினால் போதும் என்ற கணக்கு. அதே தொடர் ‘ஜோடி’ என்ற பெயருள்ள, செவித்திறன் இல்லாத சிற்பியின் பாத்திரத்துக்குச் செவித்திறன் இல்லாத நடிகை மார்லி மேட்லினையே போட்டது, காட்சிகளை அவருடைய சைகை மொழிக்கு ஏற்ப வெட்டியது. செய்யத் தெரியாமல் இல்லை என்பதுதான் எரிச்சல்.

கார்மெனை ஷேன் மணமேடையில் விட்டுவிட்டு ஓடுவது மூன்றாம் சீசன் இறுதியில், கனடாவின் விஸ்லரில். ஏன் அங்கே? பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2003லிருந்தே தன்பால் திருமணம் செல்லும், கலிஃபோர்னியாவில் அப்போது செல்லாது. ஷேன் ஓடியதற்குத் தயாரித்த காரணம் எனக்கு இன்றும் ஒட்டவில்லை, ஆனால் ஊர் சரியான ஊர்.

நான்கும் ஐந்தும் பொறுக்கிப் பார்க்க வேண்டியவை. டாஷாவின் கதையை விடாதீர்கள்: ஈராக்கிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. தன்பாலீர்ப்பாளர்கள் அதை வெளியே சொன்னால் ராணுவத்தில் இருக்க முடியாது என்ற, ‘கேட்காதே, சொல்லாதே’ எனப்படும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விசாரணை, கடைசியில் ஆலிஸைக் காதலிப்பதைத் தானே சொல்லிப் பதவியை இழக்கிறாள். ரோஸ் ராலின்ஸ் கட்டுக்கோப்பாக நடித்திருக்கிறார். அந்தச் சட்டம் 2011 செப்டம்பரில்தான் ஒழிந்தது. ஒளிபரப்பானபோது இது நடப்புச் செய்தி. ஐந்தாம் சீசனில் ஜென்னி சிநேகிதிகளின் அந்தரங்கத்தை எழுதிய ‘லெஸ் கேர்ள்ஸ்’ சினிமாவாகிறது. நாயகி கடைசியில் ஆணிடமே திரும்ப வேண்டும் என்று ஸ்டுடியோ நெருக்குகிறது. தன்னைத் தானே கிண்டலடிக்கும் இந்தப் பகுதி, மூன்றாம் சீசனுக்குப் பிறகு தொடர் மறுபடி சிரித்த இடம். பிளானட் மேசைக்கு நகல் மேசை, ஒவ்வொருத்திக்கும் ஒரு நகல் நடிகை. பழைய இயந்திரம் திரும்ப ஓடியது.

ஆறாவது, எட்டே எபிசோடு. முதல் காட்சியிலேயே நீச்சல்குளத்தில் ஜென்னி பிணம். பிறகு மூன்று மாதம் பின்னோக்கிப் போய், யார் கொன்றிருப்பார்கள் என்று எல்லோர் மேலும் சந்தேகத்தை விதைத்துக்கொண்டே வந்து, விடை சொல்லாமல் முடித்தார்கள். துப்பறியும் கதைக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: வாசகனை ஏமாற்றலாம், கடைசியில் கணக்கைக் காட்ட வேண்டும். இங்கே கணக்கே போடவில்லை. அதைவிடப் பெரிய சேதம், ஆறு வருடம் ஒருத்தியை ஒருத்தி தாங்கிய பெண்களை வரிசையாகக் கொலைச் சந்தேக நபர்களாக உட்கார வைத்தது. முதல் எட்டு நிமிடமும் கடைசி எபிசோடும் போதும், அதுவும் ஆர்வம் இருந்தால்.

‘ஜெனரேஷன் க்யூ’ என்ற தொடர்ச்சி 2019 டிசம்பரில் வந்து மூன்று சீசனோடு 2023இல் நின்றது. பெட் மேயர் தேர்தலில் நிற்கிறாள், ஷேன் திறக்கும் மதுக்கூடத்தின் பெயர் ‘டேனாஸ்’. ஜென்னி தற்கொலை செய்துகொண்டாள் என்பது பேச்சோடு பேச்சாகத் தெரியவருகிறது. லியோ ஷெங் நடிக்கும் மைக்கா என்ற திருநம்பி, அலறாமல் உறுமாமல் காதலித்துக்கொண்டும் வேலைக்குப் போய்க்கொண்டும் இருக்கிறான். புதிய பாத்திரங்களுக்கு ஒன்றாக உட்கார ஓரிடம் அமைவதற்குள் அடுத்த பிரிவு, அடுத்த துரோகம் என்று ஓடியதுதான் இதன் குறை.

ஆனாலும் 2022இல் வந்த இதன் மூன்றாம் சீசனில் மேக்ஸ் திரும்ப வரும் எபிசோடைத் தேடிப் பாருங்கள். நடிப்பவர் பழைய தொடரில் மேக்ஸாக நடித்த அதே டேனியல் சீ (அன்று டேனியலா சீ). மேக்ஸ் இப்போது ஒரு அப்பா, நிம்மதியான குடும்பஸ்தன். ஷேன் அவனிடம் அந்தக் காலத்துக்காக மன்னிப்புக் கேட்கிறாள்.  முந்தைய ஆறு சீசனும் பார்க்காதவர்களுக்கு இந்தக் காட்சி சப்பென்றிருக்கும், அதனால் மேக்ஸ் வரும் பகுதிகளை மட்டுமாவது பழைய தொடரின் மூன்றாம் சீசனிலிருந்து பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.