ஆற்றுக்கு என்று ஒரு பங்கு

ஸ்ரீவைகுண்டம் அணை நிரம்பி வழிந்தால் போதும், மறுநாளே தொலைக்காட்சியில் அந்த வரி ஓட ஆரம்பித்துவிடும். "தாமிரபரணி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது." அந்த "வீணாக" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அணைக்குக் கீழே இருக்கும் ஊர்க்காரன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை இந்த ஆறு ஓடுவது ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள், அதுபோக மலையில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று பெரிய அணைகள். ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. வயலுக்கு, குடிநீருக்கு, ஆலைகளுக்கு என்று பிரித்தது போக மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். கோடையில் ஏது மிச்சம்? அமலைச் செடி, அதுதான் ஆகாயத்தாமரை, மூடிய குட்டைகள்தான் கிடக்கும்.

மேலேயிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கீழேயிருந்து கடல் ஏறி வரும். மணலையும் வருஷக்கணக்காக அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கி வைத்திருப்பதால் உப்புக்கு வழி இன்னும் சுலபமாகிவிட்டது. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் ஆச்சி சோறு பொங்கினாள். இப்போது அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. எங்கள் பக்கத்து ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஆனால் கொடிக்காலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாதே, குறியீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அப்புறம் மீன். தாத்தா ராத்திரி தூண்டில் போட்டு விலாங்கு பிடித்து வருவார், கைத்தண்டி இருக்கும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு பிடித்தால்தான் வழுக்காமல் நிற்கும். விலாங்கு ஆற்றில் வளரும், முட்டையிடக் கடலுக்குப் போகும். அதன் குஞ்சு, உடம்புக்குள் இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடித் துண்டாக, விரல் நீளம்கூட இல்லாமல், கழிமுகத்துக்குள் நுழைந்து நல்ல தண்ணீரைத் தேடி மேலே ஏற வேண்டும். ஓட்டமே இல்லாத ஆற்றில் அது எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்? என் மகன் விலாங்கைப் பார்த்ததே இல்லை. மடவை, கொடுவா, இறால் எல்லாவற்றின் குஞ்சுகளும் வளர்வது ஆறும் கடலும் கலக்கிற அந்த இடத்தில்தான், அலையாத்தி மரங்கள் நிற்பதும் அங்கேதான். புன்னைக்காயல்காரர்களிடம் போய் ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, மழை பெய்யாமலா இருக்கிறது என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது, எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். எங்கள் தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இன்னும் அழியவில்லை. கடலும் காற்றும் சூடாகச் சூடாகக் காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். அதனால் பெய்தால் ஒரேயடியாக ஊற்றும். அப்படி ஊற்றுகிற தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு மாதக்கணக்கில் மெல்லக் கசியவிடுவது ஆற்று மணல்தான், அதைத்தான் லாரி லாரியாக ஏற்றி அனுப்பினோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்குள் மேடு தட்டியிருந்ததைத் தூர்வார 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டியிருந்தது.

உபரி நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கொண்டுபோவதை நான் எதிர்க்கவில்லை. அந்த ஊர்களின் வறட்சி எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். இந்த வாய்க்காலுக்கு இவ்வளவு, குடிநீருக்கு இவ்வளவு, ஆலைக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதும்போது, சித்திரை வைகாசியிலும் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே இவ்வளவு என்று ஆற்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள், எழுதிவிட்டு அந்தத் தண்ணீரை விடுங்கள்.