கொடுப்பது அப்புறம், முதலில் கேட்கட்டும்

பள்ளிகள் பிள்ளைகளைச் சமூக சேவைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. புத்தகத்தில் எத்தனை நீதிக்கதை படித்தாலும் இன்னொரு மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாகாது. ஆனால் பெரும்பாலான இடங்களில் இது நடக்கிற விதத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். வரிசையாக நிற்க வைத்து ஒரு பாட்டு. பிறகு ஆளுக்கொரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, அதைப் பெரியவர்களிடம் நீட்டச் சொல்கிறார்கள். நீட்டும்போது ஒரு போட்டோ. பொட்டலத்தை வாங்கிக்கொண்ட பாட்டி பிள்ளையின் கையை விடாமல், "உன் பேரு என்ன கண்ணு? எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்கிறார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள், "வா வா, அடுத்தவங்க நிக்கிறாங்க பாரு" என்று ஒரு குரல். அவ்வளவுதான், முடிந்தது. அந்தப் பாட்டி கேட்ட கேள்வியில்தான் அன்றைய பாடமே இருந்தது. அதை நடக்க விடவில்லை.

இப்படிப் போய் வந்த பிள்ளையிடம் என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டுப் பாருங்கள். "பாவம்ப்பா அவங்க" என்று சொல்லும். "நமக்கு எல்லாம் இருக்கு, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லும். பெரியவர்களுக்கு இதைக் கேட்கப் பெருமையாக இருக்கிறது. எனக்குக் கவலையாக இருக்கிறது. தான் கொடுக்கிற இடத்திலும் அவர்கள் வாங்குகிற இடத்திலும் எப்போதும் இருப்பார்கள் என்ற எண்ணம் அந்த வயதிலேயே படிந்துவிடுகிறது. எதிரில் இருப்பவருக்கு ஒரு பெயர், ஒரு கோபம், ஒரு விருப்பம், ஒரு பழைய வேலை உண்டு என்பது அதன் மண்டையில் ஏறவே இல்லை.

1954இல் கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், வேறு வேறு கூட்டத்து மனிதர்களுக்கு இடையே உள்ள வெறுப்பும் தப்பெண்ணமும் எப்போது குறையும் என்று எழுதினார். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் போதாது என்றார். சந்திக்கும்போது இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், சேர்ந்து ஒரு வேலையைச் செய்ய வேண்டும், அந்த வேலை இருவருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். நம் பொட்டலத் திட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி ஒன்றைத் தவிர எதுவுமே தேறாது.

என் மகளின் பள்ளியில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி செய்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். வாரம் ஒரு மணி நேரம், வருஷம் முழுக்க அதே ஆள். என் மகளுக்குக் கிடைத்தவர் தையல்காரராக இருந்த ஒரு தாத்தா. கண் தெரியாது. செய்தித்தாள் படித்துக் காட்டுவது இவள் வேலை. முதல் நாள் போய்விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "நான் கத்திக் கத்திப் படிச்சேம்மா. 'எனக்குக் கண்ணுதாம்மா தெரியாது, காது நல்லாவே கேக்கும், மெதுவாப் படி'ன்னு சொல்லிட்டார்" என்றாள். அவமானமாகப் போய்விட்டது அவளுக்கு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயதானவர் என்றால் காது கேட்காது என்று அவளே ஒரு முடிவு கட்டி வைத்திருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் உடைத்துவிட்டார். நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அது ஏறியிருக்காது.

சில வாரம் கழித்து அவள் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததை அவர் கையால் தடவிக் கண்டுபிடித்தாராம். ஊசியும் நூலும் வாங்கிவரச் சொல்லி, நூலை மட்டும் இவளைக் கோக்க வைத்து, மீதியை விரலாலேயே தைத்துக் காட்டியிருக்கிறார். அடுத்த வாரம் இவளையே தைக்கச் சொல்லிப் பிரித்துப் போட்டு மறுபடி தைக்கச் சொன்னாராம். "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டும்மா அந்தத் தாத்தா" என்கிறாள் இப்போது. 'பாவம்' என்ற வார்த்தை அவள் வாயில் வருவதே இல்லை. அவருக்கு அரசியல் செய்தி பிடிக்காது, விளையாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும், மகனைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார், அதனால் கேட்கக் கூடாது. இத்தனையும் அவளுக்குத் தெரியும். பரிவு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கச் சொல்லும் பயிற்சிகளும் பள்ளிகளில் நடக்கின்றன. பார்வையற்றவரின் கஷ்டம் புரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பார்வையற்ற உளவியலாளரான ஏரியல் சில்வர்மனும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது. கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை செய்யவோ தனித்து வாழவோ முடியும் என்பதை, அப்படிக் கட்டிப் பார்க்காதவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். யோசித்தால் காரணம் புரிகிறது. கண்ணைக் கட்டியவுடன் வருவது முதல் நாள் தடுமாற்றமும் பயமும் மட்டும்தான். பல வருஷம் பழகித் தேறியவரின் திறமை அந்த ஒரு மணி நேரத்தில் தெரியவே தெரியாது. அந்தத் தாத்தாவின் விரல்களைப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வராது.

இன்னொரு வழியும் உண்டு. கனடாவில் மேரி கார்டன் 1996இல் தொடங்கிய ரூட்ஸ் ஆஃப் எம்பதி என்ற திட்டத்தில், ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் கல்வியாண்டு முழுக்க அவ்வப்போது ஒரே வகுப்பறைக்கு வருகிறார்கள். ஒரு பச்சைப் போர்வையை விரித்து, அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். குழந்தை ஏன் அழுகிறது, இப்போது அதற்கு என்ன வேண்டும் என்று அவர்களே யோசித்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மாட்டியிருக்கும் சட்டையில் 'ஆசிரியர்' என்று எழுதியிருக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதுதான். யாரும் யாருக்கும் எதையும் தானம் செய்வதில்லை. கவனித்துப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

அடுத்து, மணிக்கணக்கு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரச் சேவைக் கல்வி கட்டாயம். கனடாவின் ஒன்டாரியோவில் 40 மணி நேரம். கட்டாயமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கட்டாயம் இல்லையென்றால் வசதியும் நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே போவார்கள். ஆனால் 1999இல் ஸ்டூக்காஸ், ஸ்னைடர், கிளாரி ஆகிய மூவர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. தானாகச் செய்ய மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தியபோது, பிற்காலத்தில் சேவை செய்யலாம் என்ற எண்ணம் அவர்களிடம் குறைந்தது. ஆகவே மணிக்கணக்கு இருக்கட்டும். எங்கே போவது, யாருடன், என்ன வேலை என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

சான்றிதழ், பதக்கம், மதிப்பெண் இவற்றைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, எடுத்துவிடலாம். ஃபீலிக்ஸ் வார்னெக்கெனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008இல் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையில், உதவி செய்ததற்காகப் பொருள் பரிசு பெற்ற குழந்தைகள் அப்புறம் குறைவாகவே உதவினார்கள். பாராட்டு மட்டும் கிடைத்தவர்களும், எதுவுமே கிடைக்காதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். உதவும் ஆசை பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம்தான் நடுவில் புகுந்து அதற்கு விலை வைக்கிறோம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. நிவாரணப் பொருளோ பழைய துணியோ சேகரிக்கும் வகுப்பிலேயே, அதைப் பெறுகிற வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம். "ஏழைகளுக்காக ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்" என்று அறிவிக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்? கொண்டுவராதவர்களின் பெயரைப் பலகையில் எழுதும்போது அதற்கு எப்படி இருக்கும்? பரிவைச் சொல்லிக் கொடுக்கப் போய், பக்கத்து பெஞ்சில் இருப்பவனையே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பொருள் கொண்டுவரச் சொல்வதற்குப் பதில் நேரத்தையும் கை வேலையையும் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் நிற்கலாம்.

போய் வந்த பிறகு பேசுவதும் முக்கியம். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது மிஸ்" என்ற ஒரே பதில்தான் வரும். அவர் எதை வேண்டாம் என்று சொன்னார், நீ நினைத்துப் போனதில் எது தப்பாகிப் போனது, அவர் நிலையில் நீ இருந்தால் எந்தக் கேள்வி எரிச்சலைத் தரும் என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் அழும். நோயையும் தனிமையையும் முதல் முறை பக்கத்தில் பார்த்த பிள்ளைக்குத் தூக்கம் கெடலாம். அதைக் கேட்க ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அதற்கு ஆசிரியருக்குப் பாடவேளை ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை இருக்கும் ஆசிரியர் மீது இதையும் ஏற்றிவிட்டு, சேவைத் திட்டம் சரியில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் பள்ளி போகிற இல்லத்தில் இருப்பவர்களிடம், நாங்கள் வரலாமா, எதற்கு வர வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே கேட்டார்களா? அதே பிள்ளை அதே ஆளை மறுபடி சந்திக்குமா? போட்டோ எடுப்பதற்கு முன் அந்தப் பெரியவரின் சம்மதத்தை வாங்கினார்களா? என்ன பதில் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். நன்றாகச் செய்கிற பள்ளிகள் இருந்தால், அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் விவரமாக எழுதுங்கள். எங்கள் பள்ளி ஆசிரியர்களிடம் அப்படியே காட்டுகிறேன்.