பாலையா வெறும் காமெடி நடிகர் இல்லை

டி.எஸ். பாலையாவை 'அந்தக் காலத்துக் காமெடி நடிகர்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது. 1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'சதிலீலாவதி'யில் எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே. ஆகியோரோடு சினிமாவுக்கு வந்தவர், அதுவும் வில்லனாக. அப்புறமும் பல வருடம் வில்லன்தான்.

நாடகத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கத்திப் பேசுவார்கள், மிகையாக நடிப்பார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேடையில் குளோசப் கிடையாது, கட் கிடையாது, கூட நடிப்பவர் பேசி முடிக்கிற வரைக்கும் சபை உங்களையும் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் சும்மா நிற்கவே முடியாது. அங்கே பழகியவர் என்பதால்தான் அடுத்தவர் பேச்சைக் கேட்பதையே பாலையாவால் அவ்வளவு பிரமாதமான நடிப்பாக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்கிற காட்சியை இன்னொரு தடவை பாருங்கள், ஆனால் இந்த முறை நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம், சத்தம், சேஷ்டை எல்லாம் நாகேஷுடையது. ஆனால் நமக்குப் பயம் வருவதும் சிரிப்பு வருவதும் நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டே போகிற அந்தப் பெரியவர் முகத்தால். இதே படம் இந்தியில் 'ப்யார் கியே ஜா' ஆனபோது கதை சொன்ன மெஹ்மூதுக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. கதை கேட்கிறவர்களுக்கு எங்கேயும் விருது கிடைப்பதில்லை போல.

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதரும் அப்படித்தான். பாலமுரளிகிருஷ்ணா குரலில் 'ஒரு நாள் போதுமா' என்று பாண்டியன் சபையையே மிரட்டுகிற அந்த மிடுக்கை எல்லாரும் பாராட்டுகிறார்கள், சரி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ராத்திரி விறகு விற்க வந்தவன் பாட்டைக் கேட்கும்போது அந்த அகங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வது. பொழுது விடிவதற்குள் ஊரைவிட்டே கிளம்பிவிடுகிற மனுஷனை நம்மால் வெறுக்கக்கூட முடியவில்லையே!

'தில்லானா மோகனாம்பாள்' (1968) தவில் வித்வான் முத்துராக்கு பற்றித் தனிப் பதிவே எழுதலாம். 'நலந்தானா' பாட்டில் சிவாஜியையும் பத்மினியையும் பார்த்தே பழகிவிட்டோம். தவில் பக்கமும் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள்.

1972-ல் போய்விட்டார். சிவாஜியைப் பற்றி எழுதுகிற அளவுக்கு வேண்டாம், அதில் பாதியாவது பாலையாவைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.